இணைக் கையொப்பம் எண்டால் பிணையும் தானோ?

கேள்வி:

வணக்கம் சேர். நான் விசுவமடுப் பக்கம் இருக்கிறன். எங்கடை மாதர் சங்கத்திலை நான்தான் பொருளாளர், தலைவியும் நானும் சேர்ந்து சைன் வைச்சால்தான் சங்கத்துக் காசு எடுக்கலாம். இப்ப அக்காவின்ரை மனுசன், எங்கடை அத்தான், லீசிங்கிலை ஒரு லாண்ட்மாஸ்ரர், அதுதான் ரெண்டு சில்லு உழவு மெஷின், எடுக்கப்போறார், ஏழரை லட்சம். அந்தப் போர்மிலை என்னையும் அவற்றை கூட்டாளி ஒராளையும் கையெழுத்து வைக்கட்டாம். போர்மிலை எங்கடை ரெண்டு பேற்றை பேருக்கும் மேலை "இணைக் கையொப்பதாரர்" எண்டு போட்டிருக்கு. கீழை "கீழே கையொப்பமிடும் நாம் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கிறோம்" எண்டும் கிடக்கு. அத்தான் சொல்லுறார் இது சும்மா சாட்சிக் கையெழுத்து மாதிரித்தானாம், நீ சங்கத்திலை வைக்கிற சைன்தானே எண்டு. நான் நினைக்கிறன் அப்பிடி ஏதும் நடந்தாலும் மூண்டு பேரும் எண்டபடியால் எனக்கு ரெண்டரை லட்சம்தானே வரும், அதுதானே தனித்தனியா எண்டு போட்டிருக்கு. இந்தச் சொல்லுக்கு சரியான கருத்து என்ன? வைக்கலாமோ? இன்னொண்டு, வாற மாதம் சங்கத்திலை என்ரை பதவி முடியுது, பிறகும் பாங்கிலை என்ரை பேர் இருந்தால் பிரச்சினையோ?

பதில்:

தங்கச்சி, நீங்கள் கையெழுத்து வைக்க முதலே கேட்டது பெரிய காரியம். என்னட்டை வாற ஆக்களிலை முக்கால்வாசிப் பேர் வைச்சு முடிஞ்சு, லோயர் நோட்டீஸ் வந்து, அதையும் ரெண்டு மாதம் அலுமாரிக்குள்ளை வைச்சிட்டுத்தான் வாறவை.

முதலிலை சொல்லைப் பாப்பம். இணை எண்டால் சோடி, சேர்ந்தது, சமமானது. இணைக் கையொப்பதாரர் எண்டால் இன்னொராளோடை சேர்ந்து அதே தாளிலை கையெழுத்து வைக்கிறவர். அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குள்ளை இருக்கு. கூட்டுக் கையொப்பம், உடன் கையொப்பமிட்டவர் எண்டும் எழுதுவினம், பேப்பரிலை ஒப்பந்தம் பற்றி வந்தால் "இணைந்து கைச்சாத்திட்டனர்" எண்டு போடுவினம், எல்லாம் ஒண்டுதான். ஆனால் பாருங்கோ, சேர்ந்து கையெழுத்து வைச்சவர் எண்டு மட்டும்தான் அது சொல்லுது, என்னத்துக்கு வைச்சவர், வைச்சதாலை அவருக்கு என்ன பொறுப்பு வருது எண்டு அது சொல்லேல்லை. அதை அந்தச் சொல்லிலை தேடினால் கிடைக்காது, கீழை இருக்கிற வசனத்திலைதான் கிடைக்கும். நீங்கள் அந்த வசனத்தையும் எழுதி அனுப்பினபடியால்தான் நான் இவ்வளவு உறுதியாக் கதைக்கிறன்.

ஆதியிலை இருந்தே எங்கடை ஆக்கள் சேர்ந்து கையெழுத்து வைச்சுத்தான் வந்திருக்கினம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலை கடைசியிலை ஒராளுக்குப் பின்னாலை ஒராளா "இவை என் எழுத்து" எண்டு வரும். சபையிலை இருந்தவை, கணக்கு எழுதினவை எண்டு எல்லாரும் அதிலை இருப்பினம், ஆனால் எல்லாற்றை எழுத்தும் ஒரே வேலைக்கு இல்லை. ஒராள் குடுக்கிறவர், ஒராள் எழுதினவர், ஒராள் பாத்தவர். இப்பத்தைப் போர்மும் அப்பிடித்தான், ஒரே பக்கத்திலை அஞ்சு கையெழுத்து இருக்கும், அஞ்சுக்கும் அஞ்சு பொறுப்பு.

சங்கத்திலை நீங்கள் வைக்கிறது எந்த வகை? அங்கை நீங்களும் தலைவியும் காசுக்குக் காவல். ஒராள் தனிய எடுத்துக்கொண்டு போகக்கூடாது எண்டதுக்காக ரெண்டு கையெழுத்து. செக்கிலை உங்கடை சைன் இருக்கிறதாலை அந்தக் காசு உங்கடை கடன் ஆகாது, அது சங்கத்தின்ரை காசு, நீங்கள் சங்கத்தின்ரை கை. கமக்கார அமைப்பிலை, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்திலை, கோயில் பரிபாலன சபையிலை வைக்கிறதும் இதுதான். கணக்குப் பிழைச்சால், காசு களவு போனால் நீங்கள் பதில் சொல்லோணும், அது வேறை, ஆனால் நேர்மையா நடந்தால் உங்கடை வீட்டுக் காசிலை ஒரு சதமும் போகாது.

சாட்சிக் கையெழுத்து அடுத்தது. காணி உறுதி முடிக்கேக்கை நொத்தாரிசுக்கு முன்னாலை ரெண்டு சாட்சி வைக்கோணும், 1840 இலை வந்த மோசடிகள் தடுப்புச் சட்டத்திலை இருந்து அப்பிடித்தான். சாட்சி எண்டவர் "இவர் என்ரை கண்ணுக்கு முன்னாலை கையெழுத்து வைச்சவர்" எண்டு மட்டும்தான் சொல்லுறார். காணி பிரச்சினைப்பட்டாலும் காசு வராட்டிலும் சாட்சிக்கு ஒரு பொறுப்பும் இல்லை, கோட்டிலை கூப்பிட்டால் வந்து கண்டதைச் சொல்லோணும், அவ்வளவுதான். ஆனபடியால் அத்தான் சொல்லுறது உண்மையெண்டால் உங்கடை பேர் "சாட்சிகள்" எண்ட தலைப்புக்குக் கீழை இருக்கோணும். அப்பிடி இல்லையே. அவர் உங்களை ஏமாத்துறார் எண்டு நான் சொல்லேல்லை, அனேகமா லீசிங்காரர் அவருக்கு அப்பிடித்தான் சொல்லியிருப்பினம், "ரெண்டு பேற்றை சைன் மட்டும் எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டு, அவரும் அதை அப்பிடியே நம்பிக்கொண்டு வந்திருப்பார்.

இன்னொரு வகையும் இருக்கு, எங்கடை பக்கத்துப் பொம்பிளையளுக்கு நல்லாத் தெரிஞ்சது. தேசவழமை, அதுதான் வடக்குத் தமிழருக்குரிய வழமைச் சட்டம், பொருந்துற ஆக்களிலை கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ரை சொந்தப் பேரிலை உள்ள காணியை விக்கிறதெண்டாலும் ஈடு வைக்கிறதெண்டாலும் புருசன் எழுத்திலை சம்மதம் குடுக்கோணும், அது 1911 ஆம் ஆண்டுச் சட்டம். உறுதியிலை புருசனும் சேர்ந்து கையெழுத்து வைப்பார், அது கடனும் இல்லை சாட்சியும் இல்லை, சம்மதம். 2009 இலை யுத்தம் முடிஞ்சதுக்குப் பிறகு இந்த ஒரு கையெழுத்துக்காக எத்தினை பேர் என்ரை கந்தோர் வாங்கிலிலை வந்து இருந்து அழுதவை எண்டு எனக்குத்தான் தெரியும், புருசன் எங்கை எண்டே தெரியாதவையிட்டை போய் புருசன்ரை சைன் எங்கை எண்டு கேக்கிறது எவ்வளவு கொடுமை. அதே சட்டத்திலை அதுக்கு வழி இருக்கு, புருசன் எங்கை எண்டு தெரியாட்டில் மாவட்ட நீதிமன்றத்திலை மனுப் போட்டு அனுமதி எடுக்கலாம். உங்களுக்கு இப்ப இது தேவையில்லை, ஆனால் உங்கடை சங்கத்திலை யாருக்கும் தேவைப்படும், சொல்லிவிடுங்கோ.

இப்ப உங்கடை போர்முக்கு வருவம். அதிலை மேலை இணை எண்டு போட்டு கீழை எழுதியிருக்கிறது கருத்திலை பிணை, அத்தான் கட்டாட்டில் நீங்கள் கட்டுவன் எண்ட வாக்கு. எழுத்திலை ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு எழுத்துக்குள்ளை ஏழரை லட்சம் கிடக்கு. பிணை எண்டால் கயித்தாலை கட்டுறது, முடிச்சுப் போடுறது. உங்கடை அப்பாவையோ அம்மப்பாவையோ கேட்டுப்பாருங்கோ, மெஷின் வர முதல் நெல்லுச் சூடு மிதிக்கேக்கை மாடுகளை ஒண்டோடை ஒண்டு வரிசையாக் கட்டி களத்திலை சுத்தவிடுறதுக்கு பிணையல் எண்டு சொல்லுவினம். அதிலை ஒரு மாடு படுத்திட்டால் மற்ற மாடு "என்ரை பங்கு நான் மிதிச்சிட்டன், நான் போறன்" எண்டு போக ஏலாது. களம் முடியுமட்டும் கயிறு கழுத்திலைதான். கடன் பிணையும் இதே சொல்லுத்தான், இதே கயிறுதான்.

அடுத்தது நீங்கள் போட்ட ரெண்டரை லட்சக் கணக்கு. இதை நான் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டால் இந்த ஒரு இடத்திலைதான் படிச்ச ஆக்களும் விழுறவை. "தனித்தனியாகவும்" எண்டதை வாசிச்சால் எங்கடை தமிழிலை என்ன வரும்? அவரவர் பங்கு அவரவருக்கு எண்டுதான் வரும். கலியாண வீட்டிலை "தனித்தனியா மொய் எழுதுங்கோ" எண்டால் அப்பிடித்தானே. ஆனால் சட்டத்திலை அதுக்குக் கருத்து நேர் எதிர். கூட்டாகவும் எண்டால் மூண்டு பேரையும் சேர்த்து முழுக்காசும் கேக்கலாம். தனித்தனியாகவும் எண்டால் மூண்டு பேரிலை ஆரெண்டாலும் ஒராளைத் தனியப் பிடிச்சு அவரிட்டையே முழுக்காசும் கேக்கலாம். கூட்டாளி வெளிநாடு போட்டார், அத்தானிட்டை ஒண்டும் இல்லை, உங்களிட்டை பேரிலை ஒரு காணித்துண்டு இருக்கெண்டால் அவை நேரா உங்களிட்டைத்தான் வருவினம், மிச்சம் எவ்வளவு நிக்குதோ அவ்வளவும். ஏழரை லட்சத்தோடை வட்டியும், பிந்தினதுக்குத் தண்டமும், வழக்குச் செலவும்.

உங்கடை நினைப்பு முட்டாள்தனம் எண்டு நினையாதேங்கோ. ஒல்லாந்தர் காலத்திலை இருந்து எங்கடை நாட்டிலை இருக்கிற ரோமன் டச்சுச் சட்டத்திலை, ஒண்டும் விசேசமா எழுதாமல் ரெண்டு மூண்டு பேர் சேர்ந்து கடன்பட்டால் பொதுவா ஆளுக்கு ஒரு பங்குதான். நீங்கள் நினைச்ச மாதிரியே. அதை இல்லாமல் பண்ணத்தான் அந்த "கூட்டாகவும் தனித்தனியாகவும்" எண்ட ரெண்டு சொல்லையும் போடுறவை. உங்களைக் காப்பாத்துது எண்டு நீங்கள் நம்பின சொல்லுத்தான் உங்கடை பங்குக் கணக்கை அழிக்கிற சொல்லு.

போன வருசம் ஒரு ரீச்சர் வந்தவ, ஊர் வேண்டாம். கூடப் படிப்பிச்ச ஒராளின்ரை லோனுக்கு பிணை வைச்சவ, அவர் குடும்பத்தோடை நாட்டை விட்டுப் போட்டார். போர்மின்ரை கொப்பியை எட்டா மடிச்சு பேர்சுக்குள்ளை வைச்சிருந்தவ, மடிப்பிலை எழுத்தே அழிஞ்சுபோச்சு. மேசையிலை விரிச்சு அந்தத் தனித்தனியாகவும் எண்ட சொல்லுக்குக் கீழை விரலை வைச்சுக்கொண்டு "சேர், இந்தா கிடக்கு பாருங்கோ, தனித்தனியா எண்டுதானே போட்டிருக்கு, பேந்தென்ன என்னட்டை முழுக்கக் கேக்கினம்" எண்டு கேட்டா. தமிழ்தான் படிப்பிக்கிறவ. நான் என்ன சொல்லுறது. அந்தப் போர்மை மொழிபெயர்த்த ஆக்கள் "எங்களில் எவரிடமிருந்தும் முழுத்தொகையையும் அறவிடலாம்" எண்டு ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் அந்த மனுசி அண்டைக்கு பேனையைத் தொட்டிருக்க மாட்டா. எனக்கு இதிலை உண்மையாவே கோபம். தமிழிலை போர்ம் குடுத்தாச்சு எண்டு சொல்லுறது காணாது, வாசிக்கிற சனத்துக்கு விளங்கிற தமிழிலை குடுக்கோணும். பிணை எண்டால் பிணையாளி எண்டு போடோணும், இணைக் கையொப்பதாரர் எண்டு அழகான பேரை வைச்சு மறைக்கக்கூடாது.

இன்னொரு வரியையும் போர்மிலை தேடிப்பாருங்கோ, அனேகமா பின்பக்கத்திலை சின்ன எழுத்திலை இருக்கும். பிணை நிண்டவருக்கு சட்டம் ரெண்டு உரிமை குடுத்திருக்கு. "முதலிலை கடன் எடுத்தவற்றை சொத்திலை அறவிட்டுப் பாத்திட்டு பேந்து என்னட்டை வா" எண்டு சொல்லுற உரிமை ஒண்டு, "நாங்கள் ரெண்டு பேர் பிணை, ரெண்டாப் பிரிச்சுக் கேள்" எண்டு சொல்லுற உரிமை மற்றது. இந்த ரெண்டையும் நான் துறக்கிறன் எண்டு ஒரு வசனம் கிட்டத்தட்ட எல்லாப் பிணைப் பத்திரத்திலும் இருக்கும். அது இருந்தால் அவை அத்தானைத் தேடாமலே உங்கடை படலைக்கு வரலாம்.

லீசிங் எண்டபடியால் இன்னொண்டும் இருக்கு. காசு கட்டி முடியுமட்டும் லாண்ட்மாஸ்ரர் கொம்பனியின்ரைதான். தவணை விட்டால் கொண்டுபோவினம், சனம் நினைக்கும் சாமான் போட்டுது கடனும் போட்டுது எண்டு. இல்லை. அதை வித்து வந்த காசைக் கழிச்சுப்போட்டு மிச்சத்துக்கு அத்தானையும் பிணைக்காரரையும் கேப்பினம், வயலிலை ரெண்டு போகம் ஓடின லாண்ட்மாஸ்ரர் ஏலத்திலை என்ன விலை போகும் எண்டு உங்களுக்கே தெரியும். அதோடை உங்கடை பேர் கிரிப்பிலையும் பதியும், அதுதான் கடன் தகவல் பணியகம், 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தாலை வந்தது. கடன் எடுத்தவர் மட்டும் இல்லை பிணை நிண்டவற்றை விவரமும் அதிலை வரும். நாளைக்கு நீங்கள் உங்கடை வீட்டுக்கு லோன் கேக்கப் போனால் அத்தானின்ரை லாண்ட்மாஸ்ரர் அங்கை உங்களுக்கு முன்னாலை நிக்கும்.

குழுக்கடன் பட்ட ஆக்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிழமைக் கடன் எண்டு வீடு வீடா வந்து, நாலஞ்சு பொம்பிளையளைச் சேர்த்து ஆளுக்கு ஆள் கையெழுத்து வாங்கி, ஒராள் கட்டாட்டி மற்ற ஆக்களின்ரை முத்தத்திலை பொழுதுபடுமட்டும் குந்திக்கொண்டிருந்த கதை எங்கடை பக்கத்திலை எந்தக் கிராமத்திலை இல்லை? 2018 இலை வறட்சி பாதிச்ச மாவட்டங்களிலை பொம்பிளையள் எடுத்த லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனுகளைத் தள்ளுபடி செய்யிறதெண்டு அரசாங்கமே அறிவிக்கிற அளவுக்கு வந்தது. அந்தக் குழுக்கடனிலை வைச்சதும் இணைக் கையெழுத்துத்தான்.

கைக்கடனிலையும் கவனம். ஊரிலை வட்டிக்குக் குடுக்கிறவை புரோநோட்டு, அதுதான் கடன் உறுதிச் சீட்டு, எழுதி வாங்குவினம். "கேட்டவுடன் தருவேன் என்று நான் வாக்களிக்கிறேன்" எண்டு ஒருமையிலை எழுதியிருக்கிற நோட்டிலை ரெண்டு பேர் கையெழுத்து வைச்சால், சட்டம் அதை கூட்டாகவும் தனித்தனியாகவும் எண்டே எடுக்கும், 1927 ஆம் ஆண்டு மாற்றுண்டியல் சட்டத்திலை இருக்கு. அந்த ரெண்டு சொல்லும் நோட்டிலை இல்லாட்டிலும்தான். வெறும் நோட்டிலை தொகை எழுத முதல் ஒருநாளும் வைக்காதேங்கோ.

வைக்கலாமோ எண்டு கேட்டியள். சுத்தி வளைக்காமல் சொல்லுறன், என்ரை சொந்தத் தங்கச்சியெண்டால் வைக்கவேண்டாம் எண்டுதான் சொல்லுவன், உங்களாலை ஏழரை லட்சமும் தனியக் கட்டியும் வீட்டிலை உலை கொதிக்கும் எண்டால் ஒழிய. அத்தான் நல்லவரோ கெட்டவரோ எண்டது இல்லை கேள்வி. மழை பிழைச்சால், வெள்ளம் வந்து வயலை மூடினால், நெல்லு விலை விழுந்தால் நல்லவருக்கும் தவணை தவறும். ஆனால் அக்காவின்ரை முகத்தைப் பாத்து ஏலாது எண்டு சொல்லுறது லேசில்லை எண்டும் எனக்குத் தெரியும், அதாலை ரெண்டு வழி சொல்லுறன். ஒண்டு, பிணைக்குப் பதிலா முற்பணத்துக்கு உங்களாலை ஏலுமானதைக் குடுங்கோ, அம்பதாயிரமோ என்னவோ, லீசிங் தொகை அவ்வளவுக்குக் குறையும், திரும்பி வராட்டிலும் உங்களுக்குப் போறது அந்த அம்பதாயிரம்தான். மற்றது, வைக்கத்தான் வேணும் எண்டால் பிணையை ஒரு தொகைக்கு மட்டுப்படுத்தி எழுதச் சொல்லிக் கேளுங்கோ, "ரெண்டு லட்சத்துக்கு மேற்படாமல்" எண்டு. கொம்பனி ஓம் எண்டு சொல்லுறது அருமை, ஆனாலும் கேட்டால்தானே தெரியும். சில இடத்திலை காணி உறுதியையோ நகையையோ வைச்சால் ஆட்பிணையை விட்டுக்குடுக்கிறவையும் இருக்கினம், அத்தானிட்டை அப்பிடி ஏதும் இருக்கோ எண்டும் கேட்டுப்பாருங்கோ.

அதோடை, போர்மை வீட்டை கொண்டுவந்து ஒரு இரவு வைச்சு வாசிக்காமல் ஒண்டும் செய்யாதேங்கோ. அங்கை ஒப்பிசர் பென்சிலாலை புள்ளடி போட்டு வைச்சிருப்பார், "இதிலை ஒண்டு, இதிலை ஒண்டு, அடுத்த பக்கத்திலை ஒண்டு" எண்டு தாளைப் பிரட்டிக்கொண்டே போவார், ரெண்டு நிமிசத்திலை ஏழு சைன் போயிருக்கும். எல்லாப் பக்கத்தையும் போனிலை படம் எடுங்கோ. போர்ம் இங்கிலிசிலை இருந்தால் தமிழ்க் கொப்பி கேளுங்கோ, இல்லையெண்டால் விளங்கப்படுத்தக்கூடிய ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ஒருவேளை வைச்சு, பிறகு உங்கடை தலையிலை விழுந்தால், கட்டின காசுக்கெல்லாம் ரசீது எடுத்து வையுங்கோ. நீங்கள் கட்டினதை அத்தானிட்டை முழுக்கத் திருப்பிக் கேக்கவும், மற்றப் பிணைக்காரரிட்டை அவற்றை பங்கைக் கேக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு, ரசீது இல்லாட்டி அந்த உரிமை வாயிலைதான் இருக்கும். கனகாலம் போனால் கையெழுத்து தானாச் செத்துப்போகும் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ, எழுத்திலை உள்ள கடனுக்கு பொதுவா ஆறு வருசம் எண்டது உண்மை, ஆனால் இடையிலை கொஞ்சக் காசு கட்டினாலோ கடனை ஒத்துக்கொண்டு எழுதிக்குடுத்தாலோ அந்த ஆறு வருசம் திரும்பவும் முதலிலை இருந்து ஓடத் தொடங்கும்.

கடைசியா சங்கத்துக் கதை. பதவி முடிஞ்சாலும் பாங்கிலை இருக்கிற மாதிரிக் கையெழுத்து அட்டையிலை உங்கடை பேர் இருக்குமட்டும் உங்கடை சைன் பாங்கிலை செல்லுபடியாகும். அதாலை பொதுக்கூட்டத்திலை புதுப் பொருளாளரைத் தெரிவு செய்யேக்கையே "பழைய கையொப்பதாரரை நீக்கி இன்னாரை நியமிக்கிறது" எண்டு ஒரு தீர்மானம் கூட்டக் குறிப்பிலை எழுதுவியுங்கோ. தலைவி, செயலாளர் சைன் வைச்ச அந்தப் பக்கத்தின்ரை கொப்பியையும் புதுப் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு நீங்களே பாங்குக்குப் போய் மாத்திப்போட்டு வாங்கோ, புது ஆள் தானா மாத்தட்டும் எண்டு விடாதேங்கோ. செக் புத்தகத்திலை நீங்கள் முற்கூட்டியே சைன் வைச்ச வெறும் தாள் ஏதும் கிடந்தால், தலைவிக்கு அவசரத்துக்கு உதவும் எண்டு கனபேர் அப்பிடி வைச்சுக் குடுக்கிறவை, அதையெல்லாம் குறுக்கை கோடு கீறி ரத்து எண்டு எழுதி, அடிக்கட்டையோடை சேர்த்துப் பின் அடிச்சு, எத்தினை தாள் எண்டு எண்ணி எழுதி ஒப்படையுங்கோ. ஒப்படைச்சதுக்குப் புது ஆளிட்டை கையெழுத்து வாங்குங்கோ.